ஹோல்ராய்ட் என்ன சொன்னார்

1

பொது விசாரணைக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது, ஃபெர்கஸ் ஒரு நல்ல வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் கெடுத்தான்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஸ்கார்டன் ஊரின் தேநீர்க் கடையில், ஜன்னலோர மேஜையில், ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நானும் இருந்தேன், மேஜையின் கோடியில். வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவளுக்குக் கதை கிடைத்தது. கிடைத்த நிமிடத்திலிருந்து கை பரபரக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "யார்க்‌ஷயரின் மேட்டு நிலங்களில் இலையுதிர்காலத்து வெயில் பொன்னை உருக்கி" — அடித்துவிட்டேன். அன்று வெயிலே இல்லை. காற்று மட்டும் இருந்தது, காதைப் பிய்க்கிற காற்று.

அடுத்து: "நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, மனிதன் முதல் வேலியைப் போட்ட அன்றே" — இதுவும் வேண்டாம். என்னுள் இருக்கும் கட்டுரைக்காரி முந்திக்கொள்கிறாள். அவள் பேச வேண்டிய இடம் வரும், அதுவரை பின்னால் வரட்டும்.

மூன்றாவது தொடக்கம் ஒரு பூட்டு. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

காக்கைச் சந்தின் கேட்டில் பூட்டு விழுந்தது போன வருடம்.

இரண்டு கல் மதில்களுக்கு நடுவே ஓடும் மண்பாதை அது. ஸ்கார்டனின் கடைசி வீட்டைத் தாண்டி மேடேறும், ஹோல்ராய்டின் பண்ணையை ஒட்டித் திரும்பும், அப்புறம் நீர்த்தேக்கம் வரைக்கும் ஒரே இறக்கம். அதை விட்டால் கல்குவாரி லாரிகள் போகும் பெரிய சாலைதான். ஹோல்ராய்ட் செத்த பிறகு பண்ணையை ஒரு எஸ்டேட் வாங்கியது, காட்டுக்கோழி வேட்டைக்காக. முதல் வேலையாகக் கேட்டைப் பூட்டியது.

புதன்கிழமைச் சைக்கிள் குழுவுக்கு அது வெறும் பாதை இல்லை. முக்கியமாக லென்னுக்கு. லென்னுக்குக் கண் தெரியாது. பெவர்லி முன்னால் ஓட்ட, அவன் பின்னால் மிதிப்பான். இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள். பெரிய சாலையில் ஒருமுறை லாரி ஒன்று உரசிக்கொண்டு போயிற்று. பெவர்லிக்கு அது வருவது கண்ணாடியில் தெரிந்தது. லென்னுக்கு வெறும் சத்தமும் காற்றுமாகத்தான் வந்தது. அன்றே சொல்லிவிட்டான், அந்தச் சாலைக்கு இனி வரமாட்டேன் என்று. ஆக, சந்து போனால் லென்னின் புதன்கிழமை போயிற்று. லென்னின் புதன்கிழமை போனால் பெவர்லியுடையதும்.*

* லென், பெவர்லி, ஃபெர்கஸ் மூவரும் என்னைவிட முப்பது வயது மூத்தவர்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. சைக்கிள் மேல் ஏறினால் எல்லோரும் அவன், அவள்தான்.

அந்தப் புதன்கிழமை, பூட்டின கேட்டுக்கு மேலாகவே போவது என்று முடிவு. பதினான்கு பேர். ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கி கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கை மாற்றினோம். நீளச் சைக்கிளை நான்கு பேர் தூக்கினார்கள், கல்யாண வீட்டு வாழைமரத்தைப் போல. அது பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, நான்கு சக்கர வண்டி ஒன்று புல்லை உழுதுகொண்டு வந்து நின்றது. எஸ்டேட் காவல்காரன், கேலம். இருபத்திரண்டு வயது இருக்கும்.

"ஏய்! இது தனியார் எடம்!"

"தெரியும் கண்ணு," என்றாள் பெவர்லி. "அந்த ஹேண்டில்பாரக் கொஞ்சம் பிடி."

பிடித்துவிட்டான். கை தானாகப் போயிற்று. பிடித்த பிறகுதான் தான் யார் என்பது ஞாபகம் வந்தது, ஆனால் அதற்குள் விட முடியாது, விட்டால் சைக்கிள் லென் தலையில் விழும்.

"நான் இத மேல சொல்லியாகணும்."

"தாராளமாச் சொல்லு. ஃபெர்கஸ்னு எழுதிக்க. பின்னால ரெண்டு எஸ்ஸு போட்டுடாத, ஒண்ணு போதும்," என்றான் ஃபெர்கஸ்.

"எத்தன பேரு மொத்தம்?"

"பதிமூணு," என்றான் லென்.

கேலம் எண்ணிப் பார்த்தான். "பதினாலு இருக்கீங்க."

"நான் கணக்குல வரமாட்டேன் தம்பி. நான் எந்தப் பூட்டையும் பாக்கல."

கேலம் சிரித்துவிட்டான். சிரித்ததை மறைக்க இருமினான். அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ போனான், போன் பேசுவது போல.

பிறகு அந்த இறக்கம்!

(இதை எழுத எனக்குத் தகுதி போதாது. நான் படித்தது மண் அறிவியல். சரிவு, ஈரம், உராய்வு என்று சொல்லத் தெரியும். பதினான்கு பேர் ஒரே சமயத்தில் பிரேக்கை விடும்போது வயிற்றில் ஏறும் அந்தக் குறுகுறுப்புக்கு எனக்கு வார்த்தை இல்லை. பூட்டிக் கிடந்த ஒன்றுக்குள் கூட்டமாக நுழைந்து, கூட்டமாகக் கத்திக்கொண்டே போகிற சந்தோஷம். ஆளுக்கு ஆள் வயது நாற்பது குறைந்துபோயிற்று. எனக்கு நாற்பது இல்லை, அதனால் நான் பிறக்கவே இல்லை.)

பெவர்லி வழக்கம்போல முன்னாலிருந்து சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

"வலப்பக்கம் மதில் இடிஞ்சிருக்கு. தூரத்துல தண்ணி தெரியுது, ஈயம் மாதிரி. இடப்பக்கம் ஒரு முயல்."

"பொய்."

"எப்படிச் சொல்ற?"

"நெஜ முயல்னா நீ கத்துவ."

"ஒனக்காகத்தான ஒரு முயல் விட்டேன்."

"ஓட்டு, ஓட்டு. முயல் பாவம், நசுங்கிடப் போவுது."

வாசகரே, நீங்களும் இப்போது பின் இருக்கையில்தான் இருக்கிறீர்கள். நான் சொல்வதை நம்பி மிதிக்கிறீர்கள். பெவர்லியைப் பற்றி ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றால் அவள் முயல் விடுவாள்.

3

தேநீர்க் கடை. எல்லோர் முகமும் காற்றடித்துச் சிவந்திருந்தது. காக்கைச் சந்து பொதுவழி என்று அறிவிக்கக் கேட்டுக் குழு மனுப் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதன் விசாரணையில் குழுவின் சார்பாகப் பேசப்போகிறவன் ஃபெர்கஸ். எழுந்து நின்று ஒத்திகை பார்த்தான்.

"'மதிப்புக்குரிய அதிகாரி அவர்களே, இருபத்தோரு வருஷமா ஒவ்வொரு புதன்கிழமையும் நாங்க காக்கைச் சந்துல போயிருக்கோம். ஒருத்தரும் தடுத்ததில்ல.' எப்படி?"

"கொஞ்சம் மெதுவாப் பேசு. அங்க மைக் இருக்கும்."

"'காலஞ்சென்ற மிஸ்டர் ஹோல்ராய்ட் தங்கமான மனுஷர். புதன்கிழமையில தாராளமாப் போங்கன்னு அவரே வாயாரச் சொல்லியிருக்கார்.' இதக் கேட்டா அதிகாரிக்கே கண்ணு கலங்கும், பாருங்க."

இதுதான் அந்த நல்ல வார்த்தை.

லென் கோப்பையை வைத்தான். "ஃபெர்கஸ். அதச் சொன்னா எல்லாம் முடிஞ்சுது."

"ஏன்?"

"அவர் சொன்னாரா? நெஜமாவே? நீங்க எல்லாம் கிறிஸ்துமஸுக்கு அவர் பேரச் சொல்லிக் குடிக்கறது சும்மா பாசத்துல இல்லையா?"

"சொன்னார்ப்பா. மொத வருஷம். நீ அப்ப இல்ல."

லென் சட்டத்தைச் சொன்னான். அவன் குழுவில் சேர்ந்து எட்டு வருடம்தான், ஆனால் மனுப் போட்டதிலிருந்து சட்டம் முழுவதையும் குரல்பதிவாகக் கேட்டு மனப்பாடமாக்கி வைத்திருந்தான். ஒரு பாதையில் பொதுஜனம் இருபது வருடம் போய் வந்திருந்தால் அது பொதுவழி. ஆனால் போன விதத்துக்கு மூன்று நிபந்தனை. "பலாத்காரமாப் போயிருக்கக் கூடாது. ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது. அனுமதி வாங்கிப் போயிருக்கக் கூடாது."

"அனுமதி வாங்கினா நல்லதுதான?"

"அனுமதி வாங்கினா நீ விருந்தாளி. விருந்தாளி நூறு வருஷம் வந்தாலும் விருந்தாளிதான். வீட்டுக்காரன் எப்ப வேணா கதவ மூடலாம்."

(கட்டுரைக்காரிக்கு இப்போது நான்கு வரி தருகிறேன். இந்தச் சட்டம் எனக்கு முதலில் தலைகீழாகப் பட்டது. பணிவாகக் கேட்டவனுக்கு ஒன்றும் இல்லை, கேட்காமல் நடந்தவனுக்கு வழி. ஆனால் யோசிக்க யோசிக்க அதில் ஒரு கம்பீரம் தெரிகிறது. உரிமை என்பது, இருக்கிறது என்பதுபோல நடந்துகொண்டவர்களுக்கே இருக்கிறது. போதும், உட்கார்.)

ஃபெர்கஸ் மேஜையைத் தட்டினான். "என்ன எழவு சட்டம்டா இது! எங்க ஸ்காட்லாண்டுல —"

மேஜையே முனகியது. புதன்கிழமைக்கு ஒருமுறையாவது அந்த வாக்கியம் வரும்.

"— எங்க ஸ்காட்லாண்டுல மலையும் காடும் எல்லாருக்கும் தொறந்து கெடக்கு. வேலியத் தாண்டு, ஆட்டத் தொந்தரவு பண்ணாத, அவ்வளவுதான் சட்டம். நீங்க இங்கிலீஷ்காரங்க பொறக்கும்போதே 'மன்னிக்கணும், உள்ள வரலாமா'ன்னு கேட்டுக்கிட்டு வந்தவங்க. எவன்டா போய் அந்தாளுகிட்ட கேட்டது?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது.

"நான்," என்றாள் பெவர்லி. "குழுவுக்காகக் கேட்டேன்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.*

* மனுவோடு வந்த படிவத்தில் 'அனுமதி பெற்றீர்களா' என்று ஒரு கேள்வி இருந்தது. எல்லோரும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார்கள். ஏமாற்றவில்லை. ஹோல்ராய்ட் சொன்னதாக அவர்கள் நினைத்தது அவர்கள் மனத்தில் அனுமதியே இல்லை. அது அன்பு.

"சொல்லாம விட்டுடு," என்றது ஒரு குரல்.

"கேட்டா?" என்றான் ஃபெர்கஸ். "எஸ்டேட் வக்கீல் கண்டிப்பாக் கேப்பான். அதுக்குத்தான அவன் வர்றான். எனக்குப் பொய் சொல்ல வராது பெவ். நாக்கு பொரளாது. எங்கம்மாகிட்டயே 'தொப்பி நல்லால்ல'ன்னு சொன்னவன் நான்."

பெவர்லி எழுந்தாள். யாரும் சொல்லாமலே பதினான்கு கோப்பைகளையும் தட்டில் அடுக்கிக் கடைக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது, காற்றால் இல்லை.

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

பெவர்லிக்குள் போய் வருவது எனக்கு எளிது. மேட்டில் அவள் மூச்சை எப்படிப் பிடித்து வைப்பாள், லென் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஏமாற்றும்போது முழங்காலில் அதை எப்படி உணர்வாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இருபத்தோரு வருடத்துக்கு முன் ஹோல்ராய்டின் வாசலில் அவள் நின்ற அந்த ஒரு நிமிடத்துக்குள் என்னை விடமாட்டேன் என்கிறாள்.

எழுதிப் பார்த்தேன். 'ஹோல்ராய்ட் கதவைத் திறந்தார். கனிந்த கண்கள். "அதுக்கென்னம்மா" என்று' — இவரை எனக்குத் தெரியாது. இவர் வேறு ஏதோ கதைக்குப் போக வேண்டியவர்.

எனக்குத் தெரிந்த ஹோல்ராய்ட் எப்படிப்பட்டவர்? குழு அவரைக் கடக்கும்போதெல்லாம் பதினான்கு கைகளும் ஆடும். அவர் கை ஒருநாளும் ஆடியதில்லை. 'கூச்ச சுபாவம்' என்பார்கள். ஒருமுறை முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். 'கண் கலங்கியிருக்கும்' என்றார்கள். அவர் செத்தபோது மலர்வளையம் அனுப்பினார்கள், சைக்கிள் சக்கரம் போன்ற வடிவத்தில். தங்கமான மனுஷர் என்பதற்கு மொத்தச் சான்று ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்டவள் ஒரே ஒருத்தி. ஆய்வுக்கூடத்தில் இதைக் கொண்டுபோனால் துரத்திவிடுவார்கள்.

ஆனாலும் நான் பெவர்லியைச் சந்தேகப்படுகிறேன் என்று எழுதியதும் எனக்கே சுருக்கென்றது. அவள் எனக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தவள். இந்தப் பத்தியை அழிக்கலாமா என்று —

அழிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவளும் லென்னும் கால்வாய்க் கரையில் ஒரு சுற்றுப் போனார்கள். இது லென் எனக்குச் சொன்னது.

"பெவ், அவர் என்னதான் சொன்னார்?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு. கேக்கல."

"ஒரு முழம் பின்னால ஒக்காந்திருக்கேன். காத்தும் இல்ல."

அவள் மிதித்தாள். அவனும் மிதித்தான். ஒரு மதகு, இரண்டு வாத்து. (வாத்து நிஜம். லென்னுக்குக் கேட்டது.)

"எனக்கு அந்தச் சந்து வேணும்," என்றான் லென். "ரொம்ப வேணும். அந்த எறக்கத்துல மட்டுந்தான் எனக்கு ஒடம்பு முழுக்க இருக்கு. மத்த எடத்துல எல்லாம் யாராவது என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டு 'பாத்து, பாத்து'ங்கறாங்க. நான் எங்க பாக்கறது?"

"தெரியும்டா."

"ஆனா எனக்காகன்னு சொல்லி நாளைக்கு ஏதாவது புளுகிட்டு வராத. முயலோட நிறுத்திக்க."

 சைக்கிள் திடீரென்று வேகமெடுத்ததாம். அவன் பெடலிலிருந்து காலை எடுக்கவேண்டியதாகிவிட்டதாம்.

5

முடிவுகள்.

ஒன்றில், ஃபெர்கஸுக்கு வெள்ளிக்கிழமை காலை தொண்டை கட்டிக்கொள்கிறது. வசதியான தொண்டை. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் கேலம் கூட்டத்துக்கு நடுவே எழுந்து பூட்டுச் சாவியை மேஜைமேல் வைக்கிறான், எல்லோரும் கைதட்ட. இதை எழுதும்போது என் கன்னம் சூடாகியது, அவ்வளவு பிடித்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை. அந்தப் பையனுக்கு வேலை போய்விடும். அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மூன்றாவது: மனு தோற்கிறது. அடுத்த புதன்கிழமை எல்லோரும் மறுபடி கேட்டைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இது மோசமில்லை. ஆனால் வாரம் தவறாமல் நீளச் சைக்கிளை எத்தனை காலம் தூக்குவது? ஃபெர்கஸுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. சுதந்திரம் என்பது ஒருநாள் குதிப்பதா, குதிக்கத் தேவையில்லாமல் போவதா? நான் இரண்டாவதைக் கேட்கிறேன். பேராசைதான்.

நான்காவதை நான் எழுதவில்லை. அது நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

6

ஊர்க் கூடம். தரையில் இறகுப்பந்துக் கோடுகள். விசாரணை அதிகாரி ஒரு மெலிந்த பெண்மணி. எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டார். குழு முழுவதும் வந்திருந்தது. பாதிப் பேர் சைக்கிள் காலணியோடு, நடந்தால் டக் டக் என்று.

ஃபெர்கஸ் நன்றாகத்தான் பேசினான். முடித்ததும் எஸ்டேட் வக்கீல் எழுந்தார். ஒரே கேள்வி.

"மிஸ்டர் ஹோல்ராய்ட் அனுமதி கொடுத்தாரா?"

ஃபெர்கஸ் கூரையைப் பார்த்தான். அங்கே உதவி ஒன்றும் இல்லை.

"தாராளமாப் போங்கன்னு சொன்னதாக் கேள்வி."

"யார் சொல்லிக் கேள்வி?"

"பெவ்... பெவர்லி சொல்லி."

பெவர்லியைக் கூப்பிட்டார்கள். லென் அவள் கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டான். அவள் போய் நின்றாள்.

"மிஸ்டர் ஹோல்ராய்டுகிட்ட நீங்க போய்க் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டேன்."

"குழு மொத்தத்துக்கும் சேத்து?"

"ஆமா."

"அவர் 'தாராளமாப் போங்க'ன்னு சொன்னார்னு நண்பர்கள்கிட்ட வந்து சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நன்றி. வேற ஒண்ணும் இல்ல." உட்கார்ந்துவிட்டார். பேனாவை மூடினார்.

"நான் அப்படிச் சொன்னேன்," என்றாள் பெவர்லி. "அவர் சொல்லல."

"என்னாது!" — ஃபெர்கஸ்.

"பின்னால அமைதி," என்றார் அதிகாரி.

வக்கீல் மறுபடி எழுந்தார். அவருக்கு இப்போதுதான் உற்சாகம் வந்திருந்தது. "அப்ப இருபத்தோரு வருஷமா உங்க சிநேகிதர்கள்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க?"

"ஆமா."

"இன்னிக்கு, மனு தோக்கப்போற நேரத்துல, திடீர்னு உண்ம ஞாபகம் வந்துடுச்சு?"

"ஞாபகம் என்னிக்கும் இருந்துச்சு. சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

(இங்கே ஒரு நிமிடம். நான் எழுந்துவிடுகிறேன். தீர்ப்பு பல மாதம் கழித்துத் தபாலில் வரும், அதை இந்தக் கதைக்குள் நான் விடப்போவதில்லை. அதிகாரியின் நாற்காலி காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நீங்கள் போய் உட்காருங்கள். அவள் முயல் விடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பக் காரணம் இருப்பதும் தெரியும். வக்கீலுக்கு உங்களளவுகூடத் தெரியாது. காக்கைச் சந்தைத் திறப்பதும் பூட்டுவதும் உங்கள் பேனா. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.  கூடத்தில் ஒரு காலணிகூட டக்கென்று சத்தம் போடவில்லை.)

"அப்ப அவர் என்னதான் சொன்னார்?" என்றார் அதிகாரி. "ஞாபகம் இருக்கற வரைக்கும், அவர் வார்த்தையிலயே சொல்லுங்க."

பெவர்லி லென் இருந்த பக்கம் திரும்பினாள்.

"குழுவுல சேந்து மூணு வாரந்தான் ஆயிருந்துச்சு. எனக்குக் குடுத்த மொத வேல. ஒரு இஞ்சிக் கேக் செஞ்சு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். கதவத் தட்டி, 'புதன்கிழமையில உங்க பாதையில நாங்க சைக்கிள்ல போய்க்கலாங்களா'ன்னு கேட்டேன். கையில இருந்த கேக்கப் பாத்தார், என்னப் பாத்தார். 'அது என் பாதையில்ல, பொம்பள! எங்கப்பன் பாதையும் இல்ல! எனக்குச் சொந்தமில்லாதத எங்கிட்ட வந்து ஏன் கேக்கற?'ன்னு கத்திட்டு, கதவ என் மூஞ்சிலயே அறைஞ்சு சாத்திட்டார்."